மூளைக்குள் 1 மில்லிஆம்ப்

பாஸிட்டிவ், நெகட்டிவ் மாற்றிக் கொடுத்தால் போர்டு போய்விடும் என்பது நமக்குத் தெரியும். ரத்தத்திற்கும் இந்த வித்தியாசம் தெரியும் என்பதை, சித்திக்கு மூளை ரத்தக்குழாயில் வீக்கம் வந்தபோதுதான் அறிந்தேன். அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

மண்டையைத் திறக்காமல், தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, வீக்கத்திற்குள் பிளாட்டினம் கம்பிச்சுருளை அடைக்கலாம் என்றார் டாக்டர்.

"உள்ளே போன சுருளை எப்படி சார் கழற்றுவீர்கள்?"

"கரண்ட் கொடுத்துத்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது!

விஷயம் இதுதான். ரத்த அணுக்களும் குழாயின் உட்சுவரும் நெகட்டிவ். அதனால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. பாஸிட்டிவ் உலோகம் வந்தால் அணுக்கள் அதில் ஒட்டி ரத்தம் உறைகிறது. அமெரிக்க டாக்டர் பிலிப் சாயர் 1950-களிலேயே இதை ஆராய்ந்தார். செயற்கை வால்வு வைப்பவர்களுக்கு உறைதல் பெரிய தொல்லை. இத்தாலிய டாக்டர் குக்லியெல்மியோ அதையே மருந்தாக்கப் பார்த்தார். 1990-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் முதல் நோயாளிக்குச் சுருள் வைக்கப்பட்டது.

சுருளைத் தள்ளிச் செல்வது ஸ்டீல் கம்பி. பேட்டரிப் பெட்டியின் பாஸிட்டிவ் அதற்கு, நெகட்டிவ் உடலில் குத்திய ஊசிக்கு. சுமார் 1 மில்லிஆம்ப் பாய்ந்ததும் இணைப்பிலுள்ள ஸ்டீல் கரைந்து அறுகிறது. பிளாட்டினம் கரையாது. சாதாரண எல்.இ.டி. பளிச்சென்று எரியவே 20 மில்லிஆம்ப் வேண்டுமே!

ஆனால் கரண்டால் உறைவது கொஞ்சம்தான். சுருள் அடைத்து ரத்தம் தேங்குவதால் உறைவதே அதிகம் என்று பிறகு தெரிந்தது.

சித்திக்கு ஐந்து சுருள்கள். அந்த விவரச் சீட்டை பர்சிலேயே வைத்திருக்கிறார். எம்.ஆர்.ஐ. அறையில் முதலில் அதைத்தான் காட்ட வேண்டும்.