கல்லில் பொறித்த மன்றாட்டு

இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் மாவட்டத்தில் லாங் மெல்ஃபோர்டு என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு எழுந்து நிற்கும் பரிசுத்த தமதிரித்துவ ஆலயத்தை முதன்முறை காண்போர், பேராலயமோ என ஐயுறுவர். அது பங்குக் கோயிலே. கம்பளித் துணி வாணிபத்தில் பொருளீட்டிய ஊரார் 15-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதனைப் புதுப்பித்துக் கட்டினர். அவர்களுள் முதன்மையானவர் 1497-இல் மறைந்த ஜான் கிளாப்டன்.

அப்பகுதியில் நல்ல கட்டடக்கல் அரிது. மலிவாய்க் கிடைப்பது சிக்கிமுக்கிக் கல்லே. கொத்தர்கள் அதனைப் பிளந்து, பளபளக்கும் கரிய முகம் வெளியே தெரியுமாறு, வெளிர்ந்த கல் சட்டங்களுக்கிடையே பதித்தனர். இவ்வேலைப்பாட்டிலேயே சுவரின் உச்சியை ஒட்டி எழுத்துகளும் ஓடுகின்றன. ரோஜர் மோரியல், அவருடைய மனைவியர் மார்கரெட், கேத்தரின் எனப் பொருளுதவியோரின் பெயர்களைச் சொல்லி, அவர்தம் ஆன்மாக்களுக்காக மன்றாடுமாறு வேண்டும் எழுத்துகள் அவை. கொடுத்தவர் கேட்டது புகழையன்று, செபத்தையே.

1547-இல் இறந்தோருக்கான பலிபூசை அறக்கட்டளைகளை அரசு சட்டமியற்றி ஒழித்தது. உள்ளிருந்த சுரூபங்களும் பலிபீடங்களும் அகற்றப்பட்டன. சுவரின் மன்றாட்டு மட்டும் அழியாது நின்றது.

உள்ளே இருந்தவற்றை நாம் அறிவது ரோஜர் மார்ட்டின் என்னும் கத்தோலிக்கரால். இளமையில் கண்டதை முதுமையில் அவர் எழுதிவைத்தார். தலைமைப் பீடத்தின் பின்னே, ஒரே பெருமரத்தில் குடையப்பட்ட ஆண்டவரின் பாடுகளின் சிற்பம்; குருத்து ஞாயிறன்று நால்வர் தாங்கிய மேற்கட்டியின்கீழ் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிவந்த திவ்விய நற்கருணை; அப்போது சிறுவர்மேல் தூவப்பட்ட மலர்களும் மெல்லிய அப்பங்களும்! அப்பங்களை அவர் மறக்காதிருந்தது நெஞ்சைத் தொடுகிறது. ஆலயத்திற்குரிய பாடுகளின் சிற்பமொன்று சிதைந்த நிலையில் தம் இல்லத்தில் உள்ளதென்றும், தம் வழித்தோன்றல்கள் அதனைச் செப்பனிட்டு ஒருநாள் மீண்டும் ஆலயத்தில் வைப்பர் என நம்புவதாகவும் எழுதினார். 1615-இல் இறந்தார். ஆலயம் இன்றும் ஆங்கிலிக்கன் சபையினரிடமே உள்ளது.

பழைய கோபுரம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடியால் சிதைந்தது. இப்போதுள்ளதன் வெளித்தோற்றம் 1903-இல் நிறைவுற்றது. கிழக்கே 1496-இல் எழுந்த தேவமாதா சிற்றாலயம் நெடுங்காலம் பள்ளிக்கூடமாயிருந்தது. பெருக்கல் வாய்ப்பாடு இன்றும் அதன் சுவரில் இருக்கிறது.

18-ஆம் நூற்றாண்டில் தரைக்கடியிலிருந்து வெண்பளிங்குச் சிற்பமொன்று கிடைத்தது. உடைப்போர் கண்ணில் படாதிருக்க எவரோ புதைத்திருக்க வேண்டும். மகுடம் சூடிய தேவமாதா படுக்கையில் சாய்ந்திருக்க, ஞானியர் மூவர் காணிக்கையுடன் நெருங்குகின்றனர். படுக்கையின் கீழிருந்து மாடும் கழுதையும் எட்டிப் பார்க்கின்றன. அச்சிற்பம் இப்போது வடக்குச் சுவரில் பதிக்கப்பெற்றுள்ளது.