எனி (ஆங்கிலச் சொல்)

எனி என்பது, அளவுக்கோ தெரிவுக்கோ எல்லை வைக்காமல் ஒன்றைக் கூற ஆங்கிலத்தில் பயன்படும் ஒரு சொல்லாகும். இது இடத்திற்கு ஏற்ப எந்த, ஏதேனும், எதுவாயினும், எவராயினும், எவ்வளவாயினும் எனப் பலவாறு பொருள்படும். எனிபடி (எவரும்), எனிதிங் (எதுவும்), எனிவேர் (எங்கும்) முதலிய கூட்டுச்சொற்கள் இதிலிருந்து உருவானவை. எளிய சொல்லாகத் தோன்றினும், "எவராயினும்" என்பதில் உண்மையில் எவரெவர் அடங்குவர் என்னும் கேள்வி, மொழியியலாளர்களிடையே மட்டுமன்றி நீதிமன்றங்களிலும் விவாதிக்கப்பட்டுள்ளது.

சொற்பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் "ஒன்று" என்பதைக் குறித்த சொல்லுடன், பெயரடையை ஆக்கும் பின்னொட்டு ஒன்று சேர்ந்து இச்சொல் உருவானது. இன்றைய ஆங்கிலத்தில் ஒன்றைக் குறிக்கும் ஒன் என்னும் எண்ணுப்பெயரும் அதே வேரிலிருந்து வந்ததாகும். ஆகவே, எல்லையின்மையைக் குறிக்கும் இச்சொல் "ஒன்று" என்பதிலிருந்து பிறந்தது எனலாம்.

எண்ணும் அளவும்

எண்ணக்கூடிய பொருட்களுக்கு "ஆஸ் மெனி ஆஸ் யூ லைக்" (எத்தனை வேண்டுமானாலும்) என்றும், நீர், மணல், காலம் போன்ற எண்ணவியலாதவற்றுக்கு "ஆஸ் மச் ஆஸ் யூ லைக்" (எவ்வளவு வேண்டுமானாலும்) என்றும் ஆங்கிலத்தில் கூறுவர். தமிழில் எத்தனை, எவ்வளவு என்னும் சொற்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டை இது ஒத்தது.

"எனி நம்பர் ஆஃப்" என்னும் தொடர், "எந்த எண்ணிக்கையிலும்" என்று சொல்லளவில் பொருள்பட்டாலும், வழக்கில் பெரும்பாலும் "மிகப் பல" என்றே பொருள் தரும். இதற்கு மாறாக, எண்ணை வரையறுத்துத் தெரிவை மட்டும் திறந்துவிடவும் முடியும். தேர்வுத் தாள்களில் காணப்படும் "ஆன்சர் எனி ஃபைவ்" (எவையேனும் ஐந்தனுக்கு விடையளி) என்பது இதற்கு எடுத்துக்காட்டாகும். இங்கு எண்ணிக்கை மாறாது; எந்த ஐந்து என்பது தேர்வு எழுதுபவரின் விருப்பம்.

தெரிவுப் பொருள்

அனுமதி, இயலுமை ஆகியவற்றைக் குறிக்கும் வாக்கியங்களில் எனி இயல்பாக வரும். "யூ மே டேக் எனி புக்" என்றால் "எந்த நூலை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்" என்பது பொருள். ஆனால் நடந்து முடிந்த ஒரு நிகழ்வைக் குறித்து "ஐ டுக் எனி புக்" எனக் கூறுவது பிழையாகும். எடுத்து முடித்தபின், எடுத்த நூல் குறிப்பிட்ட ஒன்றாகிவிடுவதால் தெரிவுக்கு அங்கு இடமில்லை.

வினாச்சொற்களுடன் எவர் என்னும் ஈறு சேர்ந்தும் இப்பொருள் பெறப்படும். ஹூஎவர் (யாராயினும்), வேர்எவர் (எங்காயினும்), வென்எவர் (எப்பொழுதாயினும்) என்பன அவ்வாறு அமைந்தவை. இவற்றுள் வாட்எவர் வரம்பற்ற தெரிவையும், விச்எவர் முன்பே அறியப்பட்ட சிலவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்வதையும் குறிக்கும்.

எதிர்மறையில்

எதிர்மறை வாக்கியத்தில் இச்சொல் தெரிவை முற்றாக மூடிவிடும். "எவரும் வரலாம்", "எவரும் வரவில்லை" என்னும் இரு தமிழ் வாக்கியங்களிலும் "எவரும்" என்பதே நிற்பதை இதனுடன் ஒப்பிடலாம்.

ஆங்கிலப் பேச்சில் குரலின் ஏற்ற இறக்கமும் பொருளை மாற்றும். "எவருக்கும் நான் நூல் இரவல் தருவதில்லை" என்னும் பொருளுடைய வாக்கியத்தில் எனிபடி என்னும் சொல்லை அழுத்தி, குரலைத் தாழ்த்திப் பின் உயர்த்தினால், "கண்டவருக்கெல்லாம் தருவதில்லை, சிலருக்குத் தருவேன்" எனப் பொருள் மாறும். எழுத்தில் குரல் இல்லாமையால் ஜஸ்ட் என்னும் சொல்லை முன்னால் சேர்த்து இவ்வேறுபாட்டைக் காட்டுவர்.

ஆய்வுகள்

மெய்யியலாளர் பெர்ட்ரண்டு ரசல் 1903ஆம் ஆண்டு வெளியான தமது கணித மெய்யியல் நூலில் ஆல், எவ்ரி, எனி ஆகிய சொற்களுக்கு இடையிலான வேறுபாடுகளை ஆராய்ந்தார். சீனோ வெண்ட்லர் 1962இல் வெளியிட்ட கட்டுரையில், எனி என்பது கேட்பவரிடம் தெரிவுரிமையை ஒப்படைக்கிறது என விளக்கினார். நிரிட் கட்மன், பிரெட் லாண்ட்மன் ஆகியோர் 1993இல், பேசப்படும் பொருட்களின் வட்டத்தை இச்சொல் விரிவாக்குகிறது என்னும் கருத்தை முன்வைத்தனர். எனினும், அவ்வட்டம் எதுவரை விரியும் என்பதைச் சூழலே தீர்மானிக்கிறது.

பெயரளவில் தெரிவு

சொல்லில் தெரிவு இருந்து, நடைமுறையில் இல்லாத நிலையை ஆங்கிலத்தில் "ஹாப்சனின் தெரிவு" என்பர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ச் நகரில் குதிரைகளை வாடகைக்கு விட்ட தாமசு ஹாப்சன் (இறப்பு 1631), வாயிலுக்கு மிக அருகில் நிற்கும் குதிரையை மட்டுமே தருவார் என்றும், அதை விரும்பாதவருக்கு வேறு குதிரை இல்லை என்றும் கூறப்படுகிறது. கறுப்பாக இருக்கும்வரை எந்த நிறத்தையும் வாடிக்கையாளர் பெறலாம் என்று ஹென்றி ஃபோர்டு தமது மகிழுந்து பற்றிக் கூறியதும் இவ்வகையில் புகழ்பெற்றது. அவரது தன்வரலாற்று நூல் 1922இல் வெளியானது.

சட்டத்தில்

சட்ட வாசகங்களில் இச்சொல்லின் பரப்பு ஒருவரது உரிமையையோ தண்டனையையோ முடிவு செய்யக்கூடும். ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் பின்வரும் தீர்ப்புகள் குறிப்பிடத்தக்கவை.

- 1818: பாமர் வழக்கு. கடற்கொள்ளைச் சட்டத்தில் உள்ள "எந்த நபரும்" என்னும் சொற்கள் மனிதர் அனைவரையும் உள்ளடக்கும் அளவுக்கு விரிந்தவை எனினும், சட்டமியற்றியோரின் நோக்கத்திற்கு ஏற்ப அவற்றைச் சுருக்கிப் பொருள்கொள்ள வேண்டும் எனத் தலைமை நீதிபதி சான் மார்சல் தீர்ப்பளித்தார்.
- 2005: சுமால் வழக்கு. "எந்த நீதிமன்றத்திலும்" குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டவர், குறிப்பிட்ட வகைக் குற்றமாயின், துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். வழக்கில் தொடர்புடையவர் சப்பானில் தண்டனை பெற்றவர். இச்சொற்கள் உள்நாட்டு நீதிமன்றங்களை மட்டுமே குறிக்கும் என 5-3 என்ற பெரும்பான்மையில் முடிவாயிற்று.
- 2008: அலி வழக்கு. சிறை மாற்றப்பட்ட கைதி ஒருவரின் குர்ஆன் படிகள், தொழுகை விரிப்பு முதலியன காணாமற் போயின. சுங்க, ஆயத்தீர்வை அதிகாரிகளும் "வேறு எந்தச் சட்ட அமலாக்க அதிகாரியும்" பொருட்களைத் தடுத்து வைத்ததால் எழும் கோரிக்கைகளுக்கு இழப்பீட்டுச் சட்டம் விலக்கு அளித்திருந்தது. இது சிறை அலுவலர்களையும் உள்ளடக்கும் என 5-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பாகி, கைதியின் வழக்குத் தோற்றது.

அலி வழக்கில் மாற்றுக் கருத்துடைய நீதிபதிகள், சிறப்புச் சொற்களை அடுத்து வரும் பொதுச்சொல்லை அச்சிறப்புச் சொற்களின் இனத்தோடு ஒட்டியே பொருள்கொள்ள வேண்டும் என வாதிட்டனர். மூன்றே ஆண்டு இடைவெளியில், அதே நீதிமன்றம் ஒரே சொல்லை ஒரு வழக்கில் சுருக்கியும் மற்றொன்றில் விரித்தும் பொருள்கொண்டது. சட்டம் வரைவோர், இச்சொல் எவரை உள்ளடக்கும், எவரை விலக்கும் என்பதை வெளிப்படையாக எழுதிவிடுவதே இத்தகைய ஐயங்களைத் தவிர்க்கும் வழியாகும்.