துளைக்குழாயின் நலமும் நைவும்: தானியங்கி அடுக்கு முறையின் கலைச்சொற்கள்

1. முன்னுரை

எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தோண்டும் தொழிலில் துளைக்குழாய்களை அடுக்குதல், எடுத்துப் பொருத்துதல், அவற்றின் நிலையை அறிதல் ஆகிய பணிகள் மனிதர் கையிலிருந்து படிப்படியாகப் பொறிகளுக்கு மாறி வருகின்றன. இம்மாற்றத்தோடு ஒரு சொற்றொகுதியும் வந்து சேர்கிறது. ஆங்கிலத்தில் இச்சொற்களுள் முதன்மையானவை மனித உடலை அடியாகக் கொண்டவை. கருவிக்கு 'ஹெல்த்' உண்டு, 'லைஃப்' உண்டு, 'ஃபட்டீக்' உண்டு. இவற்றைத் தமிழாக்குவோர் உருவகத்தைப் பெயர்ப்பதா, உருவகம் சுட்டும் பொருளைப் பெயர்ப்பதா என்னும் வினாவை எதிர்கொள்கின்றனர். பணிக்களத்தில் படிக்கப்படும் கையேட்டில் ஒரு சொல் தவறான எண்ணத்தைத் தருமாயின் அது தவறான செயலுக்கும் வழிகாட்டும். ஆதலால் இவ்வினா நடையழகு பற்றியது மட்டுமன்று என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

2. செயல்முறை

சொல்லை ஆராயுமுன் பொருளை அறிதல் வேண்டும். துளைக்குழாய் ஒன்று ஏறத்தாழ 9.5 மீட்டர் நீளமுடையது. 3,000 மீட்டர் ஆழமுள்ள கிணற்றுக்கு ஏறத்தாழ 300 குழாய்கள் தேவைப்படும். அடியிலுள்ள துளைமுனை மழுங்கும்போது குழாய்த்தொடர் முழுவதும் மேலே இழுக்கப்பட்டு, பெரும்பாலும் மும்மூன்று குழாய்களாகக் கழற்றப்பட்டு, கோபுரத்தினுள் நிறுத்தி வைக்கப்படுகிறது. முன்னர் இப்பணிக்கெனத் தொழிலாளி ஒருவர் கோபுரத்தின் உயரத்தில் ஒரு மேடைமீது நின்று, குழாயின் தலையை இழுத்துப் பற்களின் இடையே செருகுவார். தானியங்கி முறையில் இதனைப் பொறிக்கைகள் செய்கின்றன.

குழாய்களைக் கண்காணிப்பதற்கு முதலில் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் வேண்டும். குழாயின் தடித்த முனையில் வானொலி அலையால் படிக்கத்தக்க அடையாளச்சில்லு பதிக்கப்படுகிறது. குழாய் கிணற்றில் இறங்கும்போதும் ஏறும்போதும் படிப்பான் அதன் எண்ணைக் குறிக்கிறது. அக்குழாய் எத்தனை மணிநேரம் சுழன்றது, எவ்வளவு இழுவிசையையும் முறுக்கத்தையும் தாங்கியது, வளைந்த பகுதியில் எவ்வளவு நேரம் இருந்தது என்பவை அந்த எண்ணின்கீழ்ப் பதிவாகின்றன. எந்தக் குழாயை மீண்டும் இறக்கலாம், எதனை விலக்க வேண்டும் என்பது இப்பதிவைக் கொண்டு முடிவு செய்யப்படுகிறது.

3. தேய்வும் நைவும்

குழாய் இருவகையில் கெடுகிறது. முதல்வகை தேய்வு. பாறையோடும் உறைக்குழாயோடும் உராய்வதால் சுவரின் தடிப்பு குறைகிறது. பெருவழக்கிலுள்ள 127 மில்லிமீட்டர் விட்டக் குழாய் ஒன்றின் சுவர் புதிதாக இருக்கும்போது 9.19 மில்லிமீட்டர் தடிப்புடையது. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் வகைப்பாட்டின்படி, பயன்படுத்திய குழாய்களுள் உயர்வகையில் நிற்பதற்குச் சுவரில் 80 விழுக்காடேனும், அதாவது ஏறத்தாழ 7.35 மில்லிமீட்டரேனும், எஞ்சியிருத்தல் வேண்டும். அடுத்த வகைக்கு 70 விழுக்காடு. உயர்வகைக் குழாய்மீது இரண்டு வெள்ளைப் பட்டைகளும், அடுத்த வகையின்மீது ஒரு மஞ்சள் பட்டையும் தீட்டப்படும். தேய்வு அளக்கத்தக்கது, வண்ணத்தால் காட்டத்தக்கது. தமிழிலும் இதற்குச் சொற்சிக்கல் இல்லை.

இரண்டாம் வகையே சிக்கலானது. வளைந்த கிணற்றினுள் சுழலும் குழாயின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுற்றில் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை நெருக்குண்கிறது. நிமிடத்திற்கு 100 சுற்று எனக் கொண்டால் ஒரு மணிநேரத்தில் 6,000 முறை. பத்து மணிநேரத்தில் 60,000 முறை. ஒருமுறை தாங்கும்போது எத்தீங்கும் செய்யாத விசை, பல்லாயிரம் முறை மீளும்போது நுண்விரிசலைத் தோற்றுவிக்கிறது. விரிசல் வளர்ந்து ஒருநாள் குழாய் முறிகிறது. முறிந்த பகுதி கிணற்றின் அடியில் தங்கிவிடின் அதனை மீட்கும் பணி நீண்டதும் பெருஞ்செலவுடையதுமாகும். சில வேளைகளில் கிணற்றின் அப்பகுதியையே கைவிட நேரும்.

இந்நிகழ்வையே ஆங்கிலம் 'ஃபட்டீக்' என்கிறது. 1854-இல் பிரெய்த்வெயிட் என்னும் ஆங்கிலப் பொறியாளர் உலோக முறிவு பற்றிய தம் கட்டுரையின் தலைப்பிலேயே இச்சொல்லை ஆண்டார். செருமானியரான வோலர் இருப்புப்பாதை வண்டிகளின் அச்சுகளைக் கொண்டு விரிவான சோதனைகளை நடத்தினார். 1924-இல் பால்ம்கிரெனும் 1945-இல் மைனரும் ஒரு கணக்குமுறையை வகுத்தனர். ஒவ்வொரு சுழற்சியும் கருவியின் மொத்த ஆயுளில் ஒரு பின்னத்தைச் செலவழிக்கிறது. பின்னங்களின் கூட்டுத்தொகை ஒன்றை எட்டும்போது முறிவை எதிர்பார்க்கலாம் என்பது அதன் சாரம்.

தமிழில் இச்சொல்லுக்குக் களைப்பு, சோர்வு, அயர்வு ஆகியன வழங்குகின்றன. மூன்றும் உருவகத்தைப் பெயர்த்தவை. தமிழ் வழக்கில் இம்மூன்றுக்கும் பொதுவான பண்பு, ஓய்வால் தீர்வது என்பதாகும். களைத்தவன் இளைப்பாறினால் களைப்பு நீங்கும். உலோகம் இளைப்பாறுவதில்லை. கூட்டுத்தொகை 0.6 ஆகியுள்ள குழாயை ஆறு திங்கள் அடுக்கில் கிடத்தி வைத்தாலும் அது 0.6 ஆகவே திரும்பும். சேறு கழுவப்படாமலும் மரைக்கு மூடி இடப்படாமலும் கிடந்தால், துரு அரித்த குழிகளிலிருந்து புதிய விரிசல்களும் தோன்றலாம். அவ்வாறிருக்க, 'களைப்படைந்த குழாய்களைத் தனி அடுக்கில் வைக்கவும்' என்னும் தொடரைப் படிக்கும் தொழிலாளி, சிலநாள் கழித்து அவற்றை எடுக்கலாம் எனக் கருதினால் பிழை அவர்மீதன்று, சொல்மீதே.

இவ்விடத்தில் 'நைவு' என்னும் சொல் கருதத்தக்கது. பலமுறை துவைத்த துணி நைகிறது. கிணற்றுக் கயிறு நைகிறது. மீண்டும் மீண்டும் பயன்படுவதால் வருவது, சிறிது சிறிதாகக் கூடுவது, மீளாதது என்னும் மூன்று பொருட்கூறுகளும் இச்சொல்லில் இயல்பாகவே உள்ளன. நைந்த கயிற்றை ஓய்வுக்கு வைப்பார் எவருமிலர். நைவுக்கணக்கு, நைவெல்லை, நைவுவிரிசல் எனத் தொகைகள் ஆக்கவும் இது இடந்தருகிறது. துணியின் நைவு கண்ணுக்குத் தெரியும், உலோகத்தின் நைவு பெரும்பகுதி தெரியாது என்பது இச்சொல்லின் குறை. எனினும் இக்குறையைக் கையேட்டின் விளக்கக் குறிப்பால் நிரப்பலாம். களைப்பு என்பதிலுள்ள குறையோ சொல்லின் பொருண்மையிலேயே உள்ளது.

4. நலம், நிலை, தகுதி

'ஹெல்த்' என்பதை 'நலம்' எனப் பெயர்ப்பதில் அத்தகைய இடர் இல்லை. ஆயினும் ஆங்கிலச் சொல் மூன்று செய்திகளை ஒருங்கே சுமக்கிறது. இப்போது குழாய் எவ்வாறுள்ளது என்பது ஒன்று. இன்னும் எவ்வளவு காலம் உழைக்கும் என்பது மற்றொன்று. குறித்த பணிக்கு அனுப்பலாமா என்பது பிறிதொன்று. தமிழில் இவற்றை முறையே நிலை, எஞ்சிய ஆயுள், பணித்தகுதி எனப் பிரித்தல் நன்று. மோட்டார் வண்டிகளுக்குரிய 'தகுதிச் சான்று' மக்கள் நன்கறிந்தது. ஆதலால் 'பணித்தகுதி' எளிதிற் பொருள் விளங்கும். முறைமை முழுவதையும் சுட்டும்போது மட்டும் 'நலக் கண்காணிப்பு' எனலாம்.

'ஸ்டோரேஜ்' என்பதற்குரிய 'சேமிப்பு' வேறுவகைச் சிக்கல் உடையது. இம்முறையில் குழாயும் இருத்தப்படுகிறது. குழாயைப் பற்றிய தரவும் இருத்தப்படுகிறது. இரண்டையும் சேமிப்பு என்றால், 'சேமிப்பிலிருந்து நீக்குக' என்னும் கட்டளை எதனைச் சுட்டுகிறது என்பது தெளிவாகாது. குழாய்க்கு 'அடுக்கு' என்றும் தரவுக்குப் 'பதிவு' என்றும் வேறுபடுத்தினால் ஐயம் நீங்கும்.

5. தொழிலாளர் வழக்கு

மரைகளை முறுக்கும் பொறிக்கு ஆங்கிலத்தில் 'அயர்ன் ரஃப்நெக்' என்று பெயர். 'ரஃப்நெக்' என்பது கிணற்றுத்தளத் தொழிலாளியைக் குறிக்கும் கொச்சை வழக்கு. அவர் செய்த பணியைப் பொறி ஏற்றபோது பெயரையும் ஏற்றது. இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நகைப்பே மிஞ்சும். 'மரைமுறுக்குப் பொறி' என்பது செயலைச் சுட்டுவதால் போதுமானது.

மறுபுறம், வழக்கில் வேரூன்றிய கடன்சொற்களை மாற்ற முனைவது பயனற்றது. திருச்செங்கோட்டுப் பகுதியிலிருந்து இந்தியாவின் பல மாநிலங்களுக்குச் செல்லும் ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் 'ரிக்' என்றே வழங்கப்படுகின்றன. ரிக், ராடு, பிட்டு ஆகியவை தொழிலாளர் நாவில் தமிழாகவே ஒலிக்கின்றன. நீருக்குத் துளையிடும் அவ்வண்டியும் காவிரிப் படுகையில் எண்ணெய்க்குத் துளையிடும் பெருங்கோபுரமும் அளவாலும் முறையாலும் வேறுபட்டவை. எனினும் சுழலும் குழாய், மரை, முனை என்னும் அடிப்படை ஒன்றே. ஆகவே பெயர்ப்பாளர் கலைச்சொல் அகராதியோடு இத்தொழிலாளர் வழக்கையும் நாடுதல் வேண்டும்.

6. முடிவுரை

உருவகச் சொல்லைப் பெயர்க்குமுன் அவ்வுருவகம் பெறுமொழியில் எத்தகைய எதிர்பார்ப்பைத் தோற்றுவிக்கும் என்று ஆராய்தல் இன்றியமையாதது. நலம், ஆயுள் ஆகியன தமிழில் தீங்கின்றி இயங்குகின்றன. களைப்பு, குழாய்க்கு இல்லாத மீட்சியை அதற்கு உரியதாக்குகிறது. பதிவேடு ஒவ்வொரு குழாயின் நைவையும் மறவாது காத்தாலும், அக்கணக்கைப் படித்துக் குழாயை இறக்க ஒப்புதல் தருபவர் மனிதரே. அவர் படிக்கும் சொல் அக்கணக்கோடு முரண்படாதிருத்தல் வேண்டும்.