ஓடை வழியே ஒரு நாள் நடை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் அரியூர் நாடு, வளப்பூர் நாடு என ஊராட்சிகள் இன்றும் பழைய ‘நாடு’ப் பெயர்களையே தாங்கியிருக்கின்றன. சோலைக்காட்டில் ஊறிவரும் ஓடைநீரை மலையாளிப் பழங்குடி மக்கள் பள்ளத்தாக்கின் படிவயல்களுக்குத் திருப்பி நெல் விளைவிக்கிறார்கள். மேல்வயல் நிரம்பியதும், வரப்பில் வெட்டிய மடை வழியே நீர் கீழ்வயலுக்கு இறங்குகிறது. நீர் ஏறாத சரிவுகளில் மழையை நம்பிச் சாமையும் கேழ்வரகும் விளைகின்றன.

ஓடைகள் கூடிய ஐயாறு, அறப்பளீஸ்வரர் கோயிலருகே சுமார் 300 அடி உயர ஆகாயகங்கை அருவியாக விழுகிறது. கோயிலிலிருந்து அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. காலையிலேயே புறப்படுவது நல்லது. ஏறி வருவதற்குத்தான் நேரமும் மூச்சும் அதிகம் தேவை. மழைக்காலத்தில் பாறைகள் வழுக்கும்.

அருவிநீர் காட்டைக் கடந்து, திருச்சி மாவட்ட எல்லையிலுள்ள மலையடிவாரப் புளியஞ்சோலையை அடைகிறது. மேலே சோலை செழித்திருந்தால்தான் மலைவயலுக்கும் சமவெளிக்கும் நீர் கிடைக்கும்.