அடங்காததற்கு ஒரு சொல்

எவ்வளவு எண்ணெய் வைத்து வாரினாலும் தூக்கிக்கொண்டு நிற்கும் முடியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வார்கள், தெரியுமா?

'அன்ரூலி'! அடக்கினாலும் அடங்காத, ஒழுங்குக்குள் நிற்காத என்று பொருள். நாம் தினமும் சொல்கிற 'ரூல்'தான் இதற்குள் ஒளிந்திருக்கிறது. அடங்கி நடக்கிற என்ற பொருளில் 'ரூலி' என்றும் ஒரு சொல் முன்பு இருந்தது. அது கிட்டத்தட்ட வழக்கொழிந்துவிட்டது. எதிர்ச்சொல்தான் நிலைத்துவிட்டது. எவ்வளவு அழகான விஷயம், பாருங்கள்!

தேவிகாபுரத்தில் பட்டுத் தறி போடும் வீடுகளுக்கு இந்தச் சொல் சட்டென்று புரியும். கச்சாப் பட்டு இழை விறைப்பாக, சொன்னபடி வளையாமல் இருக்குமல்லவா? பட்டுப்புழு தன் இழைமேல் பூசிவைக்கிற செரிசின் என்ற பசைதான் காரணம். சோப்புக் கரைசலில் வேகவைத்து அதை நீக்கினால்தான் பட்டுக்கு மென்மையும் மினுமினுப்பும் வரும். அதுவரை அந்த இழையைத் தாராளமாக 'அன்ரூலி' என்று சொல்லலாம்.

கட்டுக்கடங்காத கூட்டம், சொல்பேச்சுக் கேட்காத பிள்ளை, இவர்களுக்கும் இதே சொல்தான். ஆனால் ஊரெங்கும் பரவும் காய்ச்சலுக்கு இது பொருந்தாது. அங்கே 'ராம்பன்ட்' என்பார்கள்.

விமானத்தில் ரகளை செய்பவரும் 'அன்ரூலி' பயணிதான். நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்ககம் 2017-ல் கொண்டுவந்த விதிகளில் இதே சொல் இருக்கிறது. அப்படிப்பட்டவர் சில காலம் விமானத்தில் ஏறவே முடியாதபடி தடை விதிக்கவும் அதில் இடமுண்டு!