ஸிவெய்: அமைச்சரை நாடும் அரச விண்மீன்

சீனச் சோதிட முறைகளுள் ஒன்று 'ஸிவெய் தோ ஷூ'. அதற்குப் பெயர் தந்த ஸிவெய், அம்முறையின் 14 முதன்மை விண்மீன்களில் தலையாயது, பேரரசரைக் குறிப்பது.

இப்பொருள் வானிலிருந்தே பிறந்தது. விண்மீன்கள் யாவும் வடதுருவத்தைச் சுற்றிவரத் துருவம் மட்டும் அசையாதிருப்பதைப் பண்டைச் சீனர் கண்டனர். அங்கே விண்ணுலக அரசவை இருப்பதாகக் கொண்டனர். துருவத்தைச் சூழ்ந்த பகுதி ஸிவெய் மதில் எனப்பட்டது. பெய்ஜிங்கில் 1420இல் கட்டி முடிக்கப்பட்ட அரண்மனையின் சீனப் பெயரிலுள்ள 'ஊதா' என்னும் சொல்லும் இம்மதிலையே சுட்டுகிறது.

ஆனால் வானத்து அரியணை நிலையானதன்று. புவியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுகளில் ஒரு சுற்றுச் சுற்றுவதால், அன்று துருவத்தை அடுத்திருந்து 'பேரரசர்' எனப் பெயர்பெற்ற விண்மீன் இன்று விலகி நிற்கிறது. இம்மாற்றம் சோதிடக் கட்டத்தைத் தொடுவதில்லை. அங்கே ஸிவெய்யின் இடம் பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படுவது. வானை நோக்கி அறியப்படுவதன்று. கட்டத்தின் 12 'அரண்மனை'களுள் ஒன்றில் அது அமர, ஏனைய 13 முதன்மை விண்மீன்களும் அதனையொட்டியே இடம்பெறுகின்றன.

எனினும் ஸிவெய் வாய்த்தாலே உயர்வு என்று அம்முறை கூறவில்லை. 'இடத்துணை', 'வலத்துணை' எனப்படும் விண்மீன்களின் ஆதரவு இல்லையேல் அவர் தனித்த மன்னர்: மகுடம் உண்டு, ஆணையை நிறைவேற்றுவோர் இல்லை, உயர்ந்த எண்ணம் வீண் செருக்காகத் திரியும்.

எதிர்காலத்தை உரைக்கும் ஆற்றல் இக்கட்டத்துக்கு உண்டென நாம் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் அதனுள் பதிந்துள்ள அரசியல் தெளிவு கருதத்தக்கது: நல்லமைச்சர் சூழாத அரியணை வெற்றிருக்கையே.