மடிக்கணினி வரைகலை இயக்கி நிலைகுலைவு

மடிக்கணினி வரைகலை இயக்கி நிலைகுலைவு என்பது, டிரைவர் எனப் பரவலாக அறியப்படும் இயக்கி மென்பொருள், வரைகலைச் சில்லுடனான தொடர்பை இழந்து இடையில் செயலற்றுப் போவதைக் குறிக்கும். திரை உறைதல், சில நொடிகள் கருமையாகி மீளுதல், விளையாட்டு தானே மூடிக்கொள்ளுதல், நீலத்திரையுடன் கணினி மறுதொடக்கம் ஆதல் என்பன இதன் அறிகுறிகள். விளையாட்டுக்கென விற்கப்படும் மடிக்கணினிகளில், தனியாக இயங்கும்போது தோன்றாத இக்கோளாறு வெளித்திரை ஒன்றை இணைத்தவுடன் தோன்றுவதுண்டு. அதனால் பழி பெரும்பாலும் வெளித்திரை மீதே விழுகின்றது. உண்மையில் வெளித்திரையை இணைக்கும்போது, அதுவரை உறங்கிக்கொண்டிருந்த வேறொரு சில்லு பணிக்கு அழைக்கப்படுகின்றது என்பதே கவனிக்க வேண்டியது.

இரு சில்லுகள்

இவ்வகை மடிக்கணினிகளில் பொதுவாக இரண்டு வரைகலைச் சில்லுகள் உள்ளன. ஒன்று மையச் செயலியுடன் இணைந்த, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சில்லு. மற்றொன்று என்விடியா அல்லது ஏஎம்டி நிறுவனத்தின் ஆற்றல்மிக்க தனிச்சில்லு. 2010 பெப்ரவரியில் என்விடியா அறிமுகப்படுத்திய ஆப்டிமசு நுட்பத்தில், மடிக்கணினியின் சொந்தத் திரை முதலாவது சில்லுடன் இணைந்திருக்கும். தனிச்சில்லு தேவைப்படும்போது மட்டும் விழித்துப் படத்தை வரைந்து, முதற் சில்லின் நினைவகத்திற்கு அனுப்பிவிடும்.

ஆனால் எச்டிஎம்ஐ துளை பல மாதிரிகளில் தனிச்சில்லுடன் நேரடியாக இணைக்கப்பட்டுள்ளது. அத்தகைய கணினியில் வெளித்திரை இணைந்திருக்கும் வரை தனிச்சில்லு உறங்க முடியாது. இரு திரைகளின் புதுப்பிப்பு வீதம் வேறுபட்டால், எடுத்துக்காட்டாக ஒன்று 144 எர்ட்சும் மற்றொன்று 60 எர்ட்சுமாக இருந்தால், வேலை ஏதுமில்லாத போதும் நினைவகக் கடிகாரம் உயர்நிலையில் நின்றுவிடுவதுண்டு. யூஎஸ்பி-சி துளை எந்தச் சில்லைச் சேர்ந்தது என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். என்விடியா கட்டுப்பாட்டுப் பலகத்தில் பிசிக்சு அமைப்புக்கான பக்கம், எத்திரை எச்சில்லுடன் இணைந்துள்ளது என்பதைப் படமாகவே காட்டும். பலர் அறியாத இப்பக்கத்தைப் பார்ப்பதே கோளாறு தேடலின் முதற்படியாக இருத்தல் நன்று.

இயங்குதளத்தின் காப்பு

விண்டோசு விசுட்டா முதல், வரைகலைச் சில்லு ஒரு பணிக்கு 2 நொடிகளுக்குள் விடையளிக்காவிடில் இயங்குதளம் அச்சில்லையும் இயக்கியையும் மீளத்தொடங்கும். இது சுருக்கமாக டிடிஆர் எனப்படும். நிகழ்வுப் பதிவேட்டில் 4101 என்னும் எண்ணுடன் இது பதிவாகும். 60 நொடிகளுக்குள் ஐந்து முறைக்கு மேல் இவ்வாறு நேர்ந்தால் இயங்குதளம் நீலத்திரையைக் காட்டி நின்றுவிடும்.

பதிவகத்தில் இந்த 2 நொடியை 8 அல்லது 10 நொடியாக உயர்த்தும் வழி பரவலாகப் பரிந்துரைக்கப்படுகின்றது. நீண்ட கணிப்புகளைச் செய்யும் மென்பொருள்களுக்கு இது பொருந்தலாம். விளையாட்டின் நடுவே திரை உறைவதற்கு இது மருந்தன்று. உறைந்த திரையை இன்னும் சில நொடிகள் பார்த்துக்கொண்டிருக்கவே உதவும். திரை மட்டும் கருமையாகி ஒலி தொடர்ந்து கேட்டால், விண்டோசு, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தி இயக்கியைக் கையால் மீளத்தொடங்கலாம். சேமிக்காத பணியைக் காப்பாற்ற இதுவே கடைசி வாய்ப்பாக அமைவதுண்டு.

காரணத்தைப் பிரித்தறிதல்

பதிவேட்டில் ஏதும் இல்லாமல் வெளித்திரை மட்டும் விட்டுவிட்டு அணைந்து எரிந்தால், ஐயம் இணைப்பு வடத்தின் மீதே செல்ல வேண்டும். 60 எர்ட்சில் 4கே படத்திற்கு நொடிக்கு 18 கிகாபிட் கொண்டுசெல்லவல்ல எச்டிஎம்ஐ 2.0 இணைப்பு தேவை. பழைய வடம் 30 எர்ட்சில் ஒழுங்காக வேலை செய்து 60 எர்ட்சில் தடுமாறும். புதுப்பிப்பு வீதத்தைக் குறைத்தவுடன் குறை மறைந்தால் வடத்தை மாற்றினால் போதும், இயக்கியைத் தொட வேண்டியதில்லை.

4101 பதிவாகியிருந்தால் இயக்கியை ஆராயலாம். புதிய பதிப்பே சிறந்தது என்னும் எண்ணம் எப்போதும் சரியன்று. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆர்டிஎக்சு 50 வரிசையுடன் வெளிவந்த என்விடியா இயக்கிகளில் கருந்திரைக் குறை காணப்பட்டு, அந்நிறுவனம் அடுத்தடுத்துத் திருத்தப் பதிப்புகளை வெளியிட நேர்ந்தது. பழைய சில்லுகளை வைத்திருந்த பலர் 2024 டிசம்பரில் வெளியான 566.36 பதிப்புக்கே திரும்பினர். பதிப்பை மாற்றும்போது பாதுகாப்பு முறையில் கணினியைத் தொடங்கிப் பழைய இயக்கியை முழுவதும் நீக்குவது நலம். முதற் சில்லின் இயக்கியையும் உடன் புதுப்பிக்க வேண்டும். ஆப்டிமசில் படம் இரண்டு இயக்கிகளையும் கடந்தே மடிக்கணினியின் திரைக்கு வருகின்றது.

வெளித்திரையை மட்டும் பயன்படுத்துவோர் மடிக்கணினியை மூடி வைப்பது வழக்கம். விசைப்பலகை வழியாகவும் காற்றை இழுக்கும் மாதிரிகளில் இது காற்றோட்டத்தைத் தடுக்கும்.

மின்தடையும் நில இணைப்பும்

மின்தடை அடிக்கடி நேரும் ஊர்களில், பிற நாட்டு வழிகாட்டி நூல்கள் அதிகம் பேசாத ஒரு காரணமும் உண்டு. மின்சாரம் நின்றதும் மடிக்கணினி மின்கலத்துக்கு மாறும். தனிச்சில்லுக்குக் கிடைக்கும் ஆற்றல் திடீரெனக் குறையும். மின்கலம் இல்லாத வெளித்திரையோ அதே கணத்தில் அணைந்து, இணைப்பு அறுந்ததாகச் சில்லுக்குத் தெரிவிக்கும். முழுத்திரையில் ஓடும் விளையாட்டுக்கு ஒரே நொடியில் இவ்விரு மாற்றங்களும் நேர்வது இயக்கிக்குக் கடுமையான சோதனை. வெளித்திரைக்குச் சிறிய யூபிஎஸ் ஒன்றை அமைத்தால் இரண்டாவது மாற்றம் நேராது. வீட்டு இன்வெர்ட்டர்களில் சில, மாறுவதற்கு எடுக்கும் நேரத்தில் திரையை அணையவிடுவதால், அவற்றை யூபிஎஸ்சுக்கு இணையாகக் கொள்ள இயலாது.

மற்றொன்று எர்த் எனப்படும் நில இணைப்பு. மின்மாற்றியில் இரைச்சலை வடிக்கும் கொண்மிகள் நில இணைப்பு இல்லாதபோது கணினியின் உலோக உடலில் சிறு மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கும். தொட்டால் விர்ரென்று உணரப்படுவது இதுவே. அந்நிலையில் எச்டிஎம்ஐ வடத்தைச் செருகினால், அழுத்த வேறுபாடு வடத்தின் வழியே சமனாகும். அப்போது திரை கணநேரம் மறைவதும், சில வேளை துளையே பழுதாவதும் உண்டு.

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பகுதி போன்று வெளிநாட்டவர் வந்து நெடுநாள் தங்கும் இடங்களில் இது குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. செருமனி முதலிய ஐரோப்பிய நாடுகளின் சூக்கோ வகைச் செருகியின் இரு முள்களும் இங்குள்ள பல பொருத்துவாய்களில் எளிதாக நுழைந்துவிடும். ஆனால் அதன் நிலத் தொடுதகடுகள் பக்கவாட்டில் உள்ளன. இந்தியப் பொருத்துவாயில் அவை எதையும் தொடுவதில்லை. கணினி மின்னேற்றம் பெறுகின்றது, ஆதலால் குறை தெரிவதில்லை. மூன்று முள் கொண்ட இந்திய மின்வடம் ஒன்றை உள்ளூர்க் கடையில் வாங்கி, கணினியையும் திரையையும் ஒரே பலகையில் செருகி, எச்டிஎம்ஐ வடத்தை மின்சாரம் தருமுன் இணைப்பது போதுமான தீர்வாகும்.

வன்பொருட் பழுது

இயக்கியின் நிலைகுலைவாகத் தோன்றுவது சில்லின் பழுதாகவும் இருக்கலாம். 2007ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் பதிவுசெய்த விசுட்டா நிலைகுலைவுகளில் ஏறத்தாழ 29 விழுக்காடு என்விடியா இயக்கிகளால் நேர்ந்தவை என, பின்னர் நீதிமன்றத்தில் வெளியான ஆவணங்கள் காட்டின. இயக்கிகள் அவ்வளவு அவப்பெயர் பெற்றிருந்த காலத்தில், 2008 சூலையில், தன் மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றின் பொதியுறைப் பொருளில் குறையுள்ளதென அந்நிறுவனம் அறிவித்து, 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சூடாகிக் குளிரும் சுழற்சியில் சில்லுக்கும் அதன் தளத்துக்கும் இடையிலுள்ள நுண்பற்றுகள் விரிசலுற்றன. எந்த இயக்கிப் பதிப்பாலும் அதைச் சரிசெய்ய இயலாது.

ஆப்பிளின் 2011ஆம் ஆண்டு 15, 17 அங்குல மேக்புக் ப்ரோ கணினிகளில் ஏஎம்டி தனிச்சில்லுகள் பழுதாயின. அக்கணினிகளில் வெளித்திரையை இணைத்தால் தனிச்சில்லு கட்டாயம் இயங்கும். அதனால் குறை அப்போதே வெளிப்பட்டது. 2015 பெப்ரவரியில் ஆப்பிள் கட்டணமில்லாப் பழுதுநீக்கத் திட்டமொன்றை அறிவித்தது.

தனிச்சில்லைச் சாதன மேலாளரில் முடக்கியதும் கணினி நிலையாக ஓடி, எப்பதிப்பு இயக்கியுடனும் மீண்டும் வீழ்ந்தால் வன்பொருளை ஐயுறலாம். லினக்சில் எக்சுஐடி 79 என்னும் பதிவு, சில்லு இணைப்பிலிருந்தே மறைந்துவிட்டதைக் குறிக்கும். சில்லைச் சூடாக்கும் ரீபாலிங் முறை பழுதுநீக்கும் கடைகளில் பரவலாகச் செய்யப்படுகின்றது. அது சில்லுப் பொதிக்கும் தாய்ப்பலகைக்கும் இடையிலுள்ள பற்றுகளையே புதுப்பிக்கும். 2008 வகைப் பழுதோ பொதியின் உள்ளே இருப்பது. வெப்பத்தால் அது தற்காலிகமாக ஒட்டி, சில வாரங்களிலோ மாதங்களிலோ மீண்டும் விரியலாம். ஆதலால் பணம் கொடுக்குமுன், உத்தரவாதக் காலம் எஞ்சியுள்ளதா என்பதையும், உற்பத்தியாளர் அம்மாதிரிக்கு நீட்டிப்பு ஏதும் அறிவித்துள்ளாரா என்பதையும் பார்ப்பது இன்றியமையாதது.